பார்த்துப் போட்ட கையெழுத்து

டாக்டர் இசக்கிசெல்வி கேரளத்து விதுராவுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்குவதற்கு முன்பே செய்த முதல் காரியம் வீட்டுப் பூட்டை மாற்றியதுதான். கிளினிக் நடத்தும் டிரஸ்ட்காரர்கள் கொடுத்த வீடு. பூட்டும் நல்ல பூட்டு, சாவியும் இரண்டு கொடுத்தார்கள். இரண்டு கொடுத்தால் மூன்றாவது யாரிடம் இருக்கிறது என்பது அவள் கேள்வி. திருநெல்வேலியிலிருந்து கையோடு கொண்டுவந்த பித்தளைப் பூட்டைப் போட்டுத் திறந்து பார்த்து, மறுபடியும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டிலை இறக்கச் சொன்னாள். மினி லாரிக்காரன் அதுவரை ஜூன் மாத மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றான். நிற்கட்டுமே, அவன் மட்டும் என்ன யோக்கியனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆள் அப்படி. கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவள். அந்த மாப்பிள்ளை செல்வகணேஷ், பாவம், இருபது வருஷமாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இன்றைக்கும் அவள் கேட்டால் பஸ் டிக்கெட்டைக்கூட எடுத்துக் காட்டுவார். எலெக்ட்ரானிக் பிரஷர் மெஷினை நம்பமாட்டாள். பாதரசம் வைத்த பழைய மெஷினை மடியில் வைத்தபடியே ஆரல்வாய்மொழி கடந்து, நெடுமங்காடு கடந்து வந்து சேர்ந்தாள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சந்தேகப்படுவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. நாங்குநேரிப் பக்கத்தில் பஸ் கண்டக்டர் மகளாகப் பிறந்து, அந்த ஊரிலிருந்து முதல் டாக்டராக வெளியே வந்தவள். திருநெல்வேலியில் ஒரு நர்சிங் ஹோமில் பதினைந்து வருஷம் உழைத்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முதலாளி கேட்டபோதெல்லாம் வெறும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதங்கள் எல்லாம் வராத நோயாளிகளுக்கு வந்த நோய்களாக மாறி இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயின. விசாரணை வந்தது. அவள்மேல் குற்றமில்லை என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள்தான், ஆனால் அதற்குள் பேப்பரில் பெயர் வந்துவிட்டது. பேர் வந்த பேப்பரை எல்லாரும் படித்தார்கள், குற்றமில்லை என்ற செய்தியை ஒருத்தரும் படிக்கவில்லை. தெருவில் பார்த்தால் வணக்கம் சொன்னவர்கள் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு போனார்கள். அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் கேரளத்து மெடிக்கல் கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொண்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தாள். ஒரே ஒரு சங்கல்பம். கண்ணால் ஆளைப் பார்க்காமல் இனி ஒரு காகிதத்திலும் கையெழுத்து விழாது. இன்னொரு தடவை பேர் கெட்டால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த வேலை கிடைத்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. டிரஸ்ட்டைக் கவனித்துக்கொள்ளும் ஜெயகுமார் போனில் பத்து நிமிஷம் பேசினார், வேலை முடிந்தது. பொன்முடிப் பக்கத்து எஸ்டேட்களில் வேலை செய்பவர்கள் பாதிப்பேர் தமிழர்கள், தமிழ் தெரிந்த டாக்டர் வேண்டும் என்றார். இதற்கு முன்னால் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். ஒரு வருஷத்தில் மூன்று பேராம். ஒருத்தருக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததாம், ஒருத்தர் துபாய்க்குப் போனாராம், ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாம். மூன்று பேருக்கும் சொல்லிவைத்தாற்போல நல்ல காலம் பிறந்துவிட்டதாக்கும்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று போனை வைத்ததும் செல்வகணேஷிடம் சொன்னாள்.

கிளினிக்கில் நர்ஸ், மருந்து கொடுப்பவள், டோக்கன் கூப்பிடுபவள் எல்லாம் ஒரே ஆள். ஜிஜி. ஐம்பது வயதிருக்கும். எஸ்டேட் ஜனங்களோடு பழகிப் பழகி, தமிழும் மலையாளமுமாகக் கலந்து ஒரு பாஷை பேசுவாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“அதொந்நும் இல்லா டாக்டரே. எல்லாம் சரியாகும், கேட்டோ.”

எல்லாம் சரியாகும் என்று சொல்லுகிறவர்களை இசக்கிசெல்வி ஒருநாளும் நம்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை எஸ்டேட் நாள். காலை பஸ் கீழே வரும், மத்தியானம் அதே பஸ் மேலே போகும். தவறவிட்டால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவையும் கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தரத் தொழிலாளிகள் ஒவ்வொருவருக்கும் கிளினிக்கில் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. கார்டு என்பார்கள். பிரஷர், சர்க்கரை, நாடி எல்லாம் அதில் எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதத்து மாத்திரை. முன்பெல்லாம் கார்டு அவரவர் வீட்டில்தான் இருக்குமாம், யாராவது ஒருத்தர் பத்துக் கார்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து எல்லாருக்கும் மருந்து வாங்கிப் போவார்களாம். அதெல்லாம் ஆகாது, ஆள் நேரில் வரவேண்டும் என்று போன வருஷம் ஒரு டாக்டர் சட்டம் போட்டுவிட்டார். அந்தச் சட்டத்தைக் கேட்டதும்தான் அவளுக்கு அந்த ஊரில் முதல்தடவையாக மனசு குளிர்ந்தது. கொரோனா காலத்தில் ஒட்டிய ‘மாஸ்க் கட்டாயம்’ போர்டையும் ஜிஜி இன்னும் எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டாள். அது அவள் செய்த பிசகு.

முதல் செவ்வாய்க்கிழமை. நாற்பது பேர். குளிருக்குத் தலையைச் சுற்றித் துண்டு, வாயை மூடி மாஸ்க், கறுத்து வெடித்த விரல்கள், மழைக்கால அட்டைக்கடி. எல்லாப் பெண்களும் ஒன்றுபோலவே இருந்தார்கள். பத்து மணிக்கு ரத்னாபாய் என்று ஜிஜி கூப்பிட்டாள். இசக்கிசெல்வி மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஒரு சீராக இல்லை. இரண்டு துடிப்பு அவசரமாக வந்தது, ஒன்று தாமதித்தது, பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள் என்று சீட்டும் கொடுத்தாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

பதினொன்றரைக்குத் தங்கபுஷ்பம். அதே மாதிரி நாடி. பன்னிரண்டு மணிக்கு ஞானசௌந்தரி. அட, அவளுக்கும் அதே!

ஒரு லயத்தில், அதாவது எஸ்டேட்டின் ஒரு வரிசை வீட்டில், மூன்று பெண்களுக்கு ஒரே நெஞ்சு நோயா? அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஜிஜி வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து அந்த லயத்துக் கார்டுகளை மேஜையில் பரப்பினாள். ஏழு கார்டுகள். ஏழிலும், பதினோரு மாதமாக, மூன்று டாக்டர்களின் மூன்று விதமான எழுத்தில், நாடி ஒழுங்கில்லை என்று எழுதியிருந்தது. பிரஷரும் ஏழு பேருக்கும் அநேகமாக ஒரே அளவு. போதாததற்கு, ரத்னாபாயின் கார்டில் நகரத்தில் எடுத்த ஒரு இ.சி.ஜி. பின் குத்தியிருந்தது. பார்த்தாள். குதிரைக்குக்கூட அவ்வளவு திடமான இதயம் இருக்காது. ஒரு கோளாறும் இல்லை!

இங்கேயும் அதே கதைதானா? இல்லாத ஆளுக்கு நோய் எழுதி, நன்கொடை கொடுப்பவர்களிடம் காட்டுகிறார்களா? ஜிஜி இங்கே உட்கார்ந்து எழுத, ஜெயகுமார் அங்கே உட்கார்ந்து வாங்க, நடுவில் ஓடிப்போன மூன்று டாக்டர்கள். இப்போது மாட்டிக்கொண்டது யார்? நாங்குநேரி கண்டக்டர் மகள். செல்வகணேஷுக்குப் போன் போட்டாள்.

“நான் சொன்னேம்லா? இங்கயும் என் கையெழுத்த வச்சு வெளையாடுதாங்க. அடுத்த வாரம் கையும் களவுமா புடிக்கல, என் பேரு இசக்கிசெல்வி இல்ல.”

“புடிச்சிட்டு ஊருக்கு வந்துருதியா?” என்று கேட்டார் அவர், கொஞ்சம் ஆசையாகவே.

அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கார்டை ஜிஜி நீட்டினாள், இந்த வாரம் இன்னொரு பெயர். மணிக்கட்டைப் பிடித்ததும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை மறைக்கலாம், துண்டை மாற்றலாம், நாடியை என்ன செய்ய முடியும்? ஆனால் வாயைத் திறக்கவில்லை, கார்டை மட்டும் கையெழுத்துப் போடாமல் ஓரமாக வைத்துக்கொண்டாள். “அட்டை கடிச்சிருக்கே, மருந்து போடுதேன்” என்று சொல்லி, அந்த மணிக்கட்டின் உள்பக்கம் ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்து நன்றாக அப்பினாள். கழுவினாலும் ரெண்டு நாளைக்குப் போகாத மருந்து. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பெயர். பச்சைத் துண்டு போய்ச் சிவப்புத் துண்டு. கையை நீட்டினாள். ஊதா பளீரென்று இருந்தது.

இசக்கிசெல்வி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“மாஸ்க்கக் கழத்து.”

அந்தப் பெண் ஜிஜியைப் பார்த்தாள். ஜிஜி சுவரைப் பார்த்தாள். மாஸ்க் இறங்கியது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒட்டிய முகம், கன்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு.

“உன் பேரென்ன?”

“பேச்சி, டாக்டரம்மா.”

“போன வாரம் ரத்னாபாய், தங்கபுஷ்பம், ஞானசௌந்தரி மூணும் நீதானா?” பேச்சி தலையைக் குனிந்தாள். “என்னட்டீ நெனைச்சிட்டிருக்க? நான் கையெழுத்துப் போடுதேன், நீ வேசம் கட்டுத! என் பேரக் கெடுக்கணும்னே எல்லாரும் கங்கணம் கட்டிட்டு அலையுதீங்களா? மாத்திரைய எங்க கொண்டுபோய் விக்க?”

“அய்யோ, சத்தியமா விக்கல்லம்மா.” பேச்சிக்கு அழுகை முட்டியது. “அவங்கவங்களுக்குத்தான் கொடுக்கேன். ஒரு ஆளு கீழ வந்தா ஒருநாள் கூலி போச்சு. எனக்கு நெரந்தர வேலை இல்ல, கூப்பிட்டாத்தான் போவேன். அதான் செவ்வாக்கிழமை கீழ வாறது எம் பொறுப்பு. முன்ன கார்டு மட்டும் கொடுத்தா போதும். பெறகு ஆளு வேணும்னாங்க. சரி, ஆளா நான் இருக்கேன்லா? எங் கையப் புடிச்சா என்ன, அவ கையப் புடிச்சா என்ன? வருசக்கணக்கா அதே மாத்திரைதானம்மா.”

“ஜிஜி, உங்களுக்குத் தெரியுமா இது?”

ஜிஜி திரும்பினாள். இந்தத் தடவை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

“தெரியும் டாக்டரே. ஆள் நேரில் வரணும்னு சொன்ன முதல் மாசம் லயத்துல இருந்து ஆரும் வந்நில்ல. மருந்து நின்னு போயி. ரெண்டாம் மாசம் ஒரு சேச்சி கொழுந்து எடுக்கிறப்ப அங்ஙனே விழுந்து, பின்னெ எழுந்நேற்றில்ல. அதுக்கு அப்புறம் பேச்சி வந்து நின்னா. ஞான் ஒண்ணும் கேட்டில்ல. வரும் போகும் டாக்டர்மாருக்கு முகம் தெரியாது. அறிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருந்திருந்தா…” முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

இசக்கிசெல்விக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரத்னாபாயின் உண்மையான பிரஷர் என்ன என்று பதினோரு மாதமாக ஒரு டாக்டருக்கும் தெரியாது! அந்த இ.சி.ஜி.? அது நிஜ ரத்னாபாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பயந்துகொண்டு போய் எடுத்தது. ஒன்றுமில்லை என்றதும், கீழே இருக்கும் டாக்டர்களுக்கு வேறு வேலையில்லை, யாரைப் பார்த்தாலும் நெஞ்சு நெஞ்சு என்பார்கள் என்று லயமே சிரித்ததாம். பேச்சி இதைச் சொல்லும்போது அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

“ஒன் கார்டு எங்க?” என்று கேட்டாள் டாக்டர், இன்னும் கோபமாகவே.

“எனக்கேதும்மா கார்டு? அது நெரந்தரக்காரங்களுக்குத்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

இசக்கிசெல்வி ஏதோ திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். மேஜையில் ஏழு கார்டுகள். மூன்று டாக்டர்கள், அப்புறம் அவள். நான்கு பேரும் இந்த ஒரு கையைப் பிடித்து, இந்த ஒரு நோயைக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். எழுதியதெல்லாம் ஊரில் இருக்கிற நல்ல இதயங்களின் கணக்கில். நோய் உள்ளவளுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கடவுளே, இத்தனை நாள் சந்தேகப்பட்டு என்னத்தைக் கிழித்தேன் என்று இருந்தது அவளுக்கு.

ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதல் தடவையாக நிதானமாகக் கேட்டாள். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போய், ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு போகிற சத்தம்.

“மேடு ஏறினா மூச்சு வாங்குமா?”

“அது எல்லாத்துக்கும் உள்ளதுதானம்மா.”

“கை கால் எப்பவாவது மரத்துப் போச்சா?”

பேச்சி யோசித்தாள். “முந்தாநாள் டம்ளர் கையவிட்டு விழுந்துட்டு. வலது கை என் கை மாதிரியே இல்ல. பேச்சும் குளறிச்சு. ஒரு அர மணிக்கூறு. பெறகு சரியாயிட்டு.”

இதயத்துக்குள் கட்டிய ரத்தத்தில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய், கொஞ்ச நேரம் அடைத்துக் கரைந்திருக்கிறது. அடுத்தது எப்போது, எவ்வளவு பெரிதாக வரும் என்று யார் கண்டது? “டிரைவர் பிரஜினை ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க” என்றாள் ஜிஜியிடம்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் கண்முன் வந்தது. புது நோயாளி, இன்று கண்டது என்று நாலு வரி எழுதினால் அவள் கையெழுத்து பத்திரம். ஆனால் இந்தத் துடிப்பு நேற்றோ இன்றோ வந்தது என்று அங்கே நினைத்தால், மின்சார அதிர்ச்சி கொடுத்து உடனே நேராக்கப் பார்க்கலாம். பல மாதப் பழசு என்றால் அதைச் செய்யக்கூடாது, உள்ளே கட்டியிருக்கும் ரத்தம் தெறித்து மூளைக்குப் போய்விடும். பேச்சியைக் கேட்டால் காலையில்தான் என்பாள், அல்லது ஒன்றுமே இல்லை என்பாள். பதினோரு மாதம் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்த ஏழு பொய்க் கார்டுகள்தான். அதில் மூன்றில் அவள் கையெழுத்து.

ஜெயகுமார் போனில் வந்தார். ஜிஜி சொல்லியிருப்பாள்.

“டாக்டரே, ஞான் நல்லதுக்குத்தான் சொல்றேன். புதிய பேஷண்ட்னு எழுதினா மதி, அது போதும். பழைய கார்டொந்நும் எடுக்க வேண்டா. டிரஸ்ட்டுக்கு ஒண்ணும் வராது, முதல்ல உங்களுக்குத்தான் வரும். ஏற்கெனவே ஒரு விசாரணை…”

ஆக, அதுவும் தெரிந்துதான் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவள் முகம் சிவந்துபோனது. பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் பேப்பர், அந்தத் தெரு, செல்போனைப் பார்த்துக் குனிந்துகொண்ட தலைகள் எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. வெளியே பெஞ்சில் பேச்சி, மத்தியான பஸ் போய்விடுமோ என்று கவலையாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஜிஜி எடுத்துக் கொடுத்த லயத்துக்காரர்களின் மாத்திரைப் பொட்டலங்கள் இருந்தன. எந்தப் பொட்டலம் யாருக்கு என்று தப்பாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருந்தாள்.

“வச்சிருங்க சார், எனக்கு வேலை இருக்கு” என்றாள் இசக்கிசெல்வி போனில்.

எழுதினாள். ‘இத்துடன் உள்ள ஏழு கார்டுகளும் ஏழு பேர் பெயரில் உள்ளன. ஏழிலும் குறித்திருக்கும் நாடி, இந்தக் கடிதத்தோடு வரும் பேச்சி என்ற ஒரே பெண்ணுடையது. பதினோரு மாதமாக இருக்கிறது. அவற்றில் மூன்றில் உள்ள கையெழுத்து என்னுடையது. ஆள் யாரென்று பார்க்காமல் போட்டேன். இந்தக் கடிதத்தில் பார்த்துப் போடுகிறேன்.’ ஆங்கிலத்தில்தான் எழுதினாள். முழுப்பெயரும் பதிவு எண்ணும் போட்டாள்.

பொட்டலங்களை மேலே போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள். ஜீப்பில் பேச்சி நடுவில், ஜிஜி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். ஜீப் நெடுமங்காட்டைத் தாண்டியது. “நான் போனா அடுத்த செவ்வாக்கிழமை மருந்து ஆரு வாங்குவா?” என்று பேச்சி கேட்டாள். “நான் மேல வாறேன், போதுமா?” என்றாள் இசக்கிசெல்வி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லயத்துக்கே போனால் என்ன, மேலே போகாதே என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வழி முழுக்க அந்த மணிக்கட்டை அவள் விடவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். எத்தனை நாளாக என்று மலையாளத்தில் கேட்டான்.

“இன்னைக்குக் காலைல இருந்துதான் சாரே” என்றாள் பேச்சி, யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று.

இசக்கிசெல்வி கடிதத்தையும் ஏழு கார்டுகளையும் மேஜையில் வைத்தாள். அவன் படித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “மேடம், இது ரெக்கார்டில் போகும். தெரியுமில்லே?”

“தெரியும். அதுக்குத்தான் எழுதியிருக்கேன். ஷாக் கொடுத்துராதீங்க.”

அவன் தலையசைத்து நர்ஸைக் கூப்பிட்டான். புதிய கேஸ் ஷீட்டை எடுத்து, கார்டுகளை ஒருமுறை புரட்டிவிட்டு, பேச்சியிடம் பேர் கேட்டான்.

பேச்சி வாயைத் திறந்து, மூடி, டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

“எந்தப் பேரச் சொல்லட்டும் டாக்டரம்மா?”

“உன் பேரச் சொல்லுட்டீ” என்றாள் இசக்கிசெல்வி.

“பேச்சி.”

அவன் எழுதினான். மலையாளத்தில் எழுதினான், இசக்கிசெல்விக்குத் தெரியாத எழுத்து. அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். பிறகு ஜிஜியின் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கானா பாருங்க.”

“பேச்சின்னு தன்னெ எழுதியிருக்கு, டாக்டரே.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் இசக்கிசெல்வி.